கிராம்பு மணத்த பாடகர் குழு

கூலாயில் மரக்கடை, யோங் பெங்கில் லாரிகள், பிள்ளைகளுக்கெல்லாம் கல்வீடு. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் கட்டியவை இவை. ஆனால் என் முதல் சாதனை, வெள்ளைக்காரன் காலத்தில், ஜொகூர் மாதா கோயில் சிறுவர் பாடகர் குழுவில் நடந்தது.

எங்கள் பாட்டு வாத்தியார் ஒல்லியானவர். அவருக்கு முன்னால் அவர் மூக்கு வந்துவிடும். புளிப்பு தின்றால் தொண்டை கெடும் என்று, பாடுமுன் ஒவ்வொருவர் வாயையும் முகர்ந்து பார்ப்பார். மாங்காய் வாசம் வந்தால் வெளியே.

மறைமாவட்ட ஆயர் வந்த ஞாயிறன்று குழு முழுக்க உப்பு மாங்காய் தின்றிருந்தது. எல்லாரையும் அனுப்பிவிட்டால் பாட ஆளே இல்லை. நான்தான் பாதிரியார் சமையலறையில் கிராம்பு எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் மெல்லக் கொடுத்தேன்.

வாத்தியார் முகர்ந்தார். “என்னடா, எல்லாருக்கும் பல்லு வலியா?”

“ஆமா சார். உயிர் போவுது சார்,” என்றேன்.

விட்டுவிட்டார். நாக்கு மரத்துப் போனதால் வழக்கம்போல் கத்த முடியவில்லை. லத்தீன் பாட்டு காற்றுபோல் வந்தது. இத்தனை பணிவான குரல்களைக் கேட்டதே இல்லை என்று ஆயர் உருகிவிட்டார்.

வாத்தியார் என்னிடம் குனிந்தார். “அலமாக்! இனிமே ஞாயித்துக்கிழமையெல்லாம் பல்லு வலிக்கட்டும்டா.”

அவருக்குத் தெரிந்திருந்ததா? இன்றும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் வெளியிட்ட கோயில் மலரில் அந்தப் பாராட்டை அவருக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பதிப்பில் என் பெயரையும் சேருங்கள். அவர் பெயருக்குக் கீழே போட்டாலும் சரி.