கல்லறை எந்தப் பக்கம்?

2009-ஆம் வருடம் நவம்பர் மாதம். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான கல்வி மாநாடு நடந்தது. கடலூரில் எங்கள் பள்ளியிலிருந்து என்னை அனுப்பினார்கள். நான் பெரிய அறிவாளி என்பதால் இல்லை. மழைக்காலத்தில் வீட்டை விட்டு இரண்டு நாள் வெளியே தங்க வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை என் தங்கையின் கல்யாணம். அப்பா இறந்த பிறகு அது என் பொறுப்பாகிவிட்டது. அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வரன்கள் வருவதும், காரணம் சொல்லாமல் நழுவுவதுமாக இருந்தன. எங்கே போனாலும் அவளுடைய போட்டோ ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவது எனக்குப் பழக்கம். கல்வி மாநாட்டுக்கும் அப்படித்தான் போனேன். கல்வியும் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு என்று ஒரு நப்பாசை.

மேடையில் ‘வகுப்பறையில் எல்லாரும் சமம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் விழுப்புரம் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு கணக்கு டீச்சர். கலகலப்பான பெண். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்தார். அன்று மதியம் எங்கள் குழுவின் சார்பில் அவர்தான் பேசினார். பிள்ளைகளிடம் தெருவைக் கேட்காதீர்கள், பாடத்தைக் கேளுங்கள் என்றார். கை தட்டி எனக்கு உள்ளங்கை சிவந்துபோனது.

சாயங்காலம் காபி குடிக்கும்போது அவரே பேச்சை ஆரம்பித்தார். அவருக்கு ஒரு தம்பி, அரசுப் பள்ளி ஆசிரியர், பெண் தேடுகிறார்களாம். நான் சும்மா இருப்பேனா? போட்டோவை எடுத்து நீட்டினேன்.

“லட்சணமா இருக்குது டீச்சர். தம்பிக்குப் புடிச்சிடும். எங்கம்மா தை மாசமே முடிச்சிடணும்னு ஒத்தக் கால்ல நிக்குது” என்று சொல்லி, போட்டோவைத் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். நான் உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா போனிலேயே ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நாசூக்கு உண்டு. கிறிஸ்தவர்களாயிற்றே, சாதியை நேரடியாகக் கேட்க மாட்டார்கள். எந்தப் பங்கு என்பார்கள். அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று. அதில் பிடிபடாவிட்டால் எந்தத் தெரு. நான் கடலூர் டவுனில் செம்மண்டலத்தில் வாடகை வீட்டில் இருப்பவள். டவுன் பங்கு என்பதால் முதல் நாள் முழுக்க அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. காலையில் எல்லாரையும் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனார்கள். நானும் அவரும் ஒரே துடுப்புப் படகில், எதிரெதிராக உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் இரண்டு கன்னியாஸ்திரிகள் தண்ணீரில் கையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் வேர்கள் தலையில் இடிக்கிற அளவுக்குக் குறுகலான கால்வாய்.

“சொந்த ஊரே கடலூர்தானா டீச்சர்?” என்று கேட்டார்.

கொள்ளிடக் கரையோரம் இருக்கும் எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, எங்க சின்னம்மாவ அந்த ஊருலதான் குடுத்துருக்கு. சின்ன வயசுல நான் லீவுக்கு வருவேனே. அப்ப கல்லறைத் திருநாளுக்குப் போயிட்டு வந்தீங்களா?”

“போகாம இருப்பனா? அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்.”

கன்னியாஸ்திரிகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்பா கல்லறை எந்தப் பக்கம் டீச்சர்?” என்றார்.

எங்கள் ஊரில் கோயில் ஒன்றுதான். ஒரே சாமியார் கையால்தான் எல்லாரும் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறோம். ஆனால் கல்லறை இரண்டு. தெற்கே இருப்பதற்குச் சுற்றுச்சுவரும் வளைவும் உண்டு, அது மேல்சாதித் தெருக்காரர்களுடையது. வடக்கே, வாய்க்கால் ஓரம் இருப்பது எங்களுடையது. மழை ஜாஸ்தியானால் சிலுவைகளுக்கு மேல் தண்ணீர் நிற்கும்.

தெற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது என் நாக்கு வரை வந்தது, மறைப்பானேன்? தங்கையின் முகமும், போனில் கேட்ட அம்மாவின் ஜெபமும் நினைவுக்கு வந்தன. ஆனால் வாய்க்கால் ஓரம் படுத்திருப்பது என் அப்பா.

“வடக்க. வாய்க்கா ஓரம்” என்றேன்.

“ஓ” என்றார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எவ்ளோ வேரு பாருங்க” என்றார். படகு கரைக்குத் திரும்பும்வரை வேர்களை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். எழுந்து போகவும் வழியில்லை. முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கரை இறங்கியதும் பையைத் திறந்து போட்டோவை நீட்டினார். “நீங்களே வச்சுக்குங்க டீச்சர். தம்பி இப்ப கல்யாணம் வேணாங்கறான்.”

“நேத்து தை மாசம்னீங்களே?”

அவர் வேனைப் பார்த்து வேகமாக நடந்தார்.

சாயங்காலம் நிறைவுத் திருப்பலி. அவர் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டவர், என்னையும் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் கோயில் பாட்டு நடுவில்.

கடலூர் பஸ்ஸில் வரும்போதே பொய்யைத் தயார் செய்துகொண்டேன். வீட்டில் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பையனுக்கு எங்கியோ தூரத்துக்கு மாத்தல் ஆயிடுச்சாம். இப்ப வேணாம்னுட்டாங்க” என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கல்லறை எந்தப் பக்கம்னு கேட்டாங்களாக்கா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளே சொன்னாள். “ஆஸ்பத்திரில ஒருத்தரு என்னக் கட்டிக்கிறேன்னு சொன்னாரு. நம்ம ஊரப் பத்தித் தெரிஞ்சவுங்கதான். அவுங்க அம்மா வந்து இதத்தான் கேட்டாங்க.”

“நீ என்னடி சொன்ன?”

“வடக்கன்னுதான். அப்பாவ எப்படிக்கா எடம் மாத்துறது?”

அதற்கப்புறம்தான் அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் சாதிதான். அவருடைய ஊரிலும் கல்லறை இரண்டுதான். நான் இன்னமும் மாநாடுகளுக்குப் போகிறேன். பக்கத்தில் உட்காருகிறவர் எந்தப் பங்கு என்று கேட்டால், ஊர்ப் பெயரோடு வடக்குக் கல்லறை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அவர் எழுந்து போய் நாற்காலி காலியாவதென்றால் அப்போதே ஆகட்டும், என் அப்பா எங்கே படுத்திருக்கிறார் என்று குரலைத் தாழ்த்தி இன்னொருவர் கேட்கும்படி இனி நான் வைத்துக்கொள்வதில்லை.