உப்பங்கழிக்கு ரேட் போட்ட நாட்கள்

‘கழி இன்னா கடையா, போயி ரேட்டு கேக்க…’ என்று நைனா ஏதோ சொல்வார், மீதி மறந்துவிட்டது. என் பிழைப்பே அப்படி ரேட் போடுவதுதான். அயல் உயிரினம் ஒன்று நம் தண்ணீரில் புகுந்து கெடுத்தால், கெட்டதற்கு ரூபாயில் மதிப்புப் போட வேண்டும். அந்த மதிப்பு, அகற்றும் செலவைத் தாண்டினால் அகற்றுவார்கள். தாண்டாவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள். படிவம் நிரப்பியே நொந்துபோனவர்களே, உங்களுக்குப் புரியும். இருபது வருடம் வெளிநாட்டில் இதைச் செய்துவிட்டுத் திரும்பிய எனக்கு வாய்த்தது, கோவளத்துக் கழியில் பரவிய காக்கா ஆழி. கறுப்புச் சிப்பி. சேற்றின்மேல் பாய் விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டு, இறாலுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

முதல் கேள்வி

தேவகி அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்திருப்பார். “இந்தச் சிப்பியை அகற்ற நீங்கள் எவ்வளவு தரத் தயார்?” என்று வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே தமிழில் வாசித்தேன். பறியை வாயிலிருந்து எடுத்தார்.

“இன்னா சார் நீ, அத்த நாங்களா வா வான்னு கூப்ட்டோம்? துட்டு மட்டும் நாங்க குடுக்கணுமா?”

மருத்துவச் செலவு

மீனவர் காசியின் படகில் கழியைச் சுற்றிய காலைகளை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. உப்புக்காற்று, பிளாஸ்க் டீ, அவருடைய ஓயாத கேலி. ஒருநாள் சிப்பி கிழித்த பாதத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்குள் கொஞ்சம் சந்தோஷம்: மருத்துவச் செலவு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. வைத்தியத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன்.

“மஞ்சத்தூளு வூட்லயே கீது அண்ணாத்த. பூஜ்யம் போட்டுக்கோ.”

குழம்பு இறால்

செங்கல்பட்டு மீன்வளத்துறை ஆபீசில் கணக்குப் பார்த்தோம். மொத்த நஷ்டம் அகற்றும் செலவைத் தொடவில்லை. தேவகி அக்கா போன்றவர்கள் முதல் இரண்டு கைப்பிடியை விற்பதில்லை. அது வீட்டுக் குழம்புக்கு. அதைச் சேர்த்தால் தாண்டிவிடும். அதிகாரி ஒப்பவில்லை. “வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அதுல என்ன சார் நஷ்டம்?”

வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். இறால் சிக்காத நாளில் என்ன சமையல் என்று கேட்டேன்.

“ரசந்தான். இறாலுக்கு இன்னிக்கு லீவுன்னு பசங்களாண்ட சொல்லிடுவேன். இப்பல்லாம் டெய்லி லீவுதான் சார்.”

உள்ளே போய், குழம்பு இறாலையும் கோவளம் மார்க்கெட் ரேட்டில் சேர்த்து, என் அறிக்கையில் ‘அகற்றலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.