தங்கத்தாய் வெயிலில் வைத்த இரண்டு தட்டுகள்

தூத்துக்குடி உப்பளத்துக் கங்காணி ஆவுடையப்பனின் நாக்கு ஊரறிந்த நாக்கு. ஒரு கல் உப்பை நுனியில் வைத்தால், அது எந்தப் பாத்தியில், எந்த மாதத்துக் காற்றில் விளைந்தது என்று சொல்லிவிடும். அப்பேர்ப்பட்ட நாக்குக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷத்துக் கோடையில் ஆஸ்பத்திரி டாக்டர் பூட்டுப் போட்டார். கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. உப்பு ஆகவே ஆகாது என்றுவிட்டார்.

மனைவி தங்கத்தாய் உப்புப் போடாமல் ரசம் வைத்தாள். ஆவுடையப்பன் இலையையே வெறித்துவிட்டு எழுந்துபோனான். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கும்பா ரசம் வந்தது. அனுப்பியவள் பேச்சி, அவன் தம்பி தளவாயின் மனைவி. அதுவும் உப்பில்லாததுதான். மூன்று தடவை ஊற்றிக்கொண்டு, கும்பாவை விரலால் வழித்தான்.

"ஏளா, பேச்சி கையே கைதான்."

தங்கத்தாய்க்கு நெஞ்சு காந்தியது. பதினெட்டு வருஷமாக அவள் ஆக்கிப் போட்டதற்கு அந்த வாயிலிருந்து ஒரு 'ம்' வந்ததில்லை.

சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பேச்சி மல்லியும் மிளகும் சீரகமும் வறுத்துத் தட்டினாள், பூண்டை நசுக்கினாள், கறிவேப்பிலையை அள்ளிப் போட்டாள், புளிக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். 'புளி வாங்கக்கூட வக்கில்லை' என்று தங்கத்தாய் உதட்டைச் சுழித்தாள். எலுமிச்சையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இருமடங்கு போட்டுத் தானும் வைத்தாள். ஆவுடையப்பன் குடித்தான். ஆனால் கால் வற்றவில்லை.

"பேச்சி ரசம் குடிச்சாத்தான் கால் லேசா இருக்கு. இனி அங்கனயே எனக்கும் ஆக்கட்டும்" என்றான்.

அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டான். தங்கத்தாய்க்குச் சந்தேகம் வந்தது. அத்தனை ருசி உப்பில்லாமல் வருமா? பேச்சி கள்ளத்தனமாகப் போடுகிறாள், பிடித்துக்காட்ட வேண்டும். உப்பளத்துக்காரிக்கா வழி தெரியாது? இரண்டு பீங்கான் தட்டு எடுத்தாள். ஒன்றில் பேச்சி கொடுத்தனுப்பிய ரசம், மற்றதில் தன் ரசம், தெளிவாக வடித்து ஊற்றிக் கொல்லை வெயிலில் வைத்தாள். தண்ணீர் வற்றினால் உப்புப் பூக்குமல்லவா?

சாயங்காலம் பேச்சியின் தட்டில் வெறும் பழுப்புக் கறை. தங்கத்தாயின் தட்டோரத்தில் வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது.

வேலை முடிந்து வந்த ஆவுடையப்பன் தொட்டு நாக்கில் வைத்தான். "நம்ம அளத்து உப்புல்லா? பங்குனியில வாரினது."

"நான் ஒரு கல்லுகூடப் போடல. இத்தன நாளு குடிச்சீயளே, அந்த நாக்கு எங்கன போயிருந்தது?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புளிப்பானை நினைவுக்கு வந்தது. பங்குனியில் புதுப்புளியைக் கொட்டை எடுத்து, புழு வைக்காமலிருக்கக் கல்லுப்புப் போட்டுப் பிசைந்து பானையில் அடைத்தது அவளேதான்.

மறுநாள் எலுமிச்சை பிழிந்தாள், போதாதென்று இஞ்சியும் தட்டிப் போட்டாள். ஆவுடையப்பன் மூன்று தடவை வாங்கினான்.

"பேச்சி குடுத்தனுப்பினாளா?"

"உங்க வீட்டு அடுப்புதான்."

அவன் நான்காம் தடவைக்குக் கையேந்தினான். பத்து நாளில் கால் வற்றி, செருப்புக்குள் நுழைந்தது. அடுத்த வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

தங்கத்தாய்க்கு அதுவும் போதவில்லை. ஒரு கும்பா ரசத்தைத் தளவாய்க்கென்று அனுப்பிவிட்டு, சுவரோரம் காதை வைத்து நின்றாள்.

"ஏளா பேச்சி, மதினிட்ட இன்னும் இருந்தா வாங்கியா" என்றான் தளவாய்.

"உங்களுக்கு நான் வச்சது தொண்டையில எறங்காதோ?" என்றாள் பேச்சி. ஏதோ பாத்திரம் டங்கென்று விழுந்தது.

அன்றைக்குத்தான் தங்கத்தாய் வயிறாரச் சாப்பிட்டாள்.