அம்மா கையுயர்த்திய நாள்

காய்ச்சி ஒரு நாள் கிடந்த கோதுமை மாப் பசையின் புளித்த வாடை அந்தத் தேர்தல் மாதம் முழுதும், தோட்டத் தொழிலாளர் வரிசையிலிருந்த எங்கள் "லயத்து" வீட்டை விட்டுப் போகவில்லை. நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பசையில் ஒட்டிய தாள்களிலிருந்து அம்மாவின் முகம் ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போகும் பாதையின் மதகுகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கும் அரசியலுக்கும் வெகுதூரம். பிரதேச சபையின் காணித் துண்டொன்றில் தோட்டத்துத் தாய்மார் சேர்ந்து நடத்திய "நர்சரி"யில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தவள். அவளைத் தேர்தலில் நிறுத்தியவர் செல்வம் மாமா. ரத்த உறவில்லை, பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர், எனக்குக் காய்ச்சல் கண்டால் கடையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறவர். வேட்பாளர் பட்டியலில் பெண்கள் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டதாம். அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்; தங்கச்சியின் பெயர் மட்டும் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பெயருக்கு நின்ற அம்மா வென்றுவிட்டாள்.

அதே பட்டியலில் நின்ற மாமாவும் வென்றார். ஆனால் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாததால், சபைக்குத் தவிசாளர் யார் என்பதை உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. நகரத்துக்கு மேயர் எப்படியோ அப்படித்தான் எங்களுக்குத் தவிசாளர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மாமா வந்துவிடுவார் என்று பஜாரே சொன்னது. யாரும் மனம் மாறிவிடக் கூடாதென்று அவர் தன் பக்கத்து ஆட்களை மூன்று நாள் ரிவர்ஸ்டனில் ஒரு விடுதியில் தங்கவைத்தார். திரும்பி வந்த அம்மா, குளிர் எப்படி என்று நான் கேட்கும் முன்பே பையை வைத்துவிட்டு நர்சரிப் பக்கம் நடந்தாள்.

வாக்கெடுப்பு நாளன்று அப்பா என்னையும் சபை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாக்களிப்பது பகிரங்கமாகவா, இரகசியமாகவா என்று அதிகாரி முதலில் கேட்டார். பகிரங்கம் என்பதற்கு முதல் ஆளாகக் கையுயர்த்தியவள் அம்மா. மாமா திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். தன் ஆட்கள் யாரும் ஒளிந்து மறைந்து மாற்றிப் போட முடியாது என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. பகிரங்கம் என்றே முடிவானது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மற்றக் கட்சிக்காரரின் பெயரைச் சொன்னாள்.

பெயரை மாற்றிச் சொல்லிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அதிகாரியும் அப்படியே நினைத்திருக்க வேண்டும், மறுபடி கேட்டார். இந்த முறை அம்மா, தன் வாக்கு அவருக்குத்தான் என்று சிங்களத்தில் சொன்னாள். அப்பாவின் கை என் முழங்காலை இறுகப் பிடித்தது. அதன்பிறகு யார் யார் வாக்களித்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் நினைவில்லை. மாமா தோற்றுப்போனார்.

வாசலில் அவர் அம்மாவின் முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை.

"ஏன் தங்கச்சி இப்படி செஞ்சீங்க?"

"இரகசியமா செஞ்சிருந்தா ஒங்களுக்கு தெரிஞ்சே இருக்காதுண்ணே. ஒங்க முன்னுக்கே சொல்லணும்னுதான் நான் கைய தூக்குனேன்."

மாமா செருப்பைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. விடுதியில் மாமா சிங்களத்தில் தொலைபேசியில் பேசியது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது: தவிசாளரானதும் நர்சரிக் காணியை ஹோட்டல் கட்ட ஒருவருக்குக் கொடுப்பதாக. மறுநாள் அவரிடமே கேட்டாளாம். பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்றாராம். அது எந்த இடம் என்று கேட்டதற்கு, வென்ற பிறகு பேசுவோம் என்றாராம்.

தன்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்பா கேட்டார்.

"சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க. நான் மாறியிருப்பேன்," என்றாள்.

கட்சி அவளை விலக்கியது. சில மாதங்களில் உறுப்பினர் பதவியும் போயிற்று. "சோறு போட்ட கையக் கடிச்சவ" என்று லயத்துப் பெரியவர்கள் அவள் காதுபடவே சொன்னார்கள். நானும் அவர்கள் பக்கம்தான் இருந்தேன். வகுப்பில் மாமாவின் மகள் என் பக்கத்து இடத்தை விட்டுப் போய் வேறு வாங்கில் உட்கார்ந்ததற்கு அம்மாவைத்தான் குற்றம் சொன்னேன். பல நாள் அவள் பரிமாறிய சோற்றை முகம் பார்க்காமல் தின்றேன். புதிய தவிசாளர் நர்சரிக்கு ஒரு தண்ணீர்க் குழாய்கூடப் போட்டுத் தரவில்லை. ஆனால் காணியைத் தொடவில்லை. அம்மா அங்கேதான் இன்னும் படிப்பிக்கிறாள்.

அண்மையில் நடந்த சபைத் தேர்தலில் எனக்கு முதல் வாக்கு. வரிசையில் எனக்கு முன்னால் நரைத்த தலையோடு நின்றவர் திரும்பினார், செல்வம் மாமா. தேரோட்டம் பார்ப்பதற்காக என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "நீ பாத்தியா, நீ நல்லா பாத்தியா" என்று கேட்டுக்கொண்டே மாத்தளை வீதியெல்லாம் நடந்த மனிதர். வாக்காளர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அம்மா சொகமா? நீங்க இப்ப என்ன செய்றீங்க?"

படிக்கிறேன் என்றேன். நல்லது என்று தலையாட்டி முன்னால் நகர்ந்தார். வாக்குச்சீட்டைக் கையில் வாங்கும்போதும் அந்த "நீங்க" என் காதை விட்டுப் போகவில்லை.