முன்பலகையில் எழும்பிய கோடு

சென்ற ஆண்டு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், எத்தாளையில், களப்பு எனப்படும் கடல்நீர் ஏரியின் கரையில் நடந்தது இது. எங்கள் மீனவர் சங்கத்துக்குச் சொந்தமாகப் பயணிகள் படகொன்று உண்டு. கண்ணாடி இழையையும் பசையையும் அடுக்கடுக்காக இட்டு வார்த்த பைபர் படகு. அதற்கு அடுத்த வாரம் என் தம்பி மகனுக்குப் புத்தளத்தில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் அனைவரையும் அந்தப் படகிலேயே களப்பைக் கடந்து அழைத்துச் செல்வதாகச் சங்கத் தலைவர் என்ற முறையில் நான் வாக்களித்திருந்தேன். படகில் ஒரு குறையும் இல்லை என்று பள்ளிவாசல் முற்றத்தில் பலர் முன்னிலையில் கூறியுமிருந்தேன். என் சொல் அதுவரை பிழையாகியதில்லை.

அன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் பொறியியலாளர் கருவிகளோடு வந்திருந்தார். தலைமயிர் போன்ற மெல்லிய ஒளியிழையைப் படகின் உட்புறம் நெடுகிலும் அவர் முன்னரே ஒட்டி வைத்திருந்தார். அதனூடே ஒளியைச் செலுத்துவார். படகின் உடல் எங்கே அளவுக்கு மீறி வளைகிறதோ, அங்கே ஒளி மாறும். கணினித் திரையில் ஒரு கோடு எழும்பும். கண்ணுக்கு அகப்படாத சேதத்தை இவ்வாறு கண்டறியலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆட்களை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார். தலைவருக்குரிய இடம் என்பதால், படகின் முனைப்பக்க இருக்கையான முன்பலகையில் நான் அமர்ந்தேன்.

அமர்ந்ததும் கோடு திரையின் உச்சிக்குப் பாய்ந்தது. எழுந்தேன்; அடங்கியது. மீண்டும் அமர்ந்தேன், மீண்டும் பாய்ந்தது.

எங்களோடு ஏறிப் பின்னால் இருந்த மீன் வியாபாரி ஒருவருக்கு அது போதுமாயிற்று. "சேர், நேத்து எந்த வலீமா விருந்துக்குப் போனீங்க? போட்டுக்கே மூச்சு முட்டுது! கலியாணத்துக்கு நீங்க பஸ்ஸில வாங்க, நாங்க போட்டுல போறோம்."

இறங்குதுறையே சிரித்தது. பொறியியலாளரும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சேர் கொஞ்சம் பாரம்தானே," என்று கருவியை மூடப் போனார். மரியாதையாகச் சொன்னதால் அது மேலும் வலித்தது. பள்ளிக்கூட ஆசிரியராக ஓய்வு பெற்ற நாளிலிருந்து சட்டையின் அளவு மாறாத மனிதன் நான்.

"மகள், இந்தக் கதையை இப்படியே விட ஏலாது. என்னைப் பின்பலகையில வெச்சுப் பாருங்க," என்றேன்.

பின்னால் போய் அமர்ந்தேன். கோடு அசையாமல் கிடந்தது.

"கண்டீங்களா!" என்றேன்.

"அப்ப முன்பலகைக்குத்தான் சேரைப் பிடிக்கல்ல," என்றார் வியாபாரி விடாமல்.

பொறியியலாளர் மட்டும் சிரிக்கவில்லை. தாமே போய் முன்பலகையில் அமர்ந்தார். ஒரு மூட்டை உப்பின் பாரம்கூட இல்லாத உடம்பு. கோடு ஏறக்குறைய எனக்கு எழும்பிய உயரத்துக்கே எழும்பியது.

படகைக் கரைக்கு இழுத்தோம். வெளியே வர்ணப்பூச்சில் ஒரு கீறலும் இல்லை. முன்பலகைக்குக் கீழே தட்டிய இடமோ வெறும் பெட்டி போல ஒலித்தது. வெட்டிப் பார்த்தபோது, உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, இடையில் நீர் ஊறியிருந்தது. எப்போதோ கல்லில் அடிபட்டிருக்க வேண்டும். முழுப் பாரத்தோடு நடுக் களப்பில் அலை மோதியிருந்தால் அந்த இடம் திறந்துகொண்டிருக்கும் என்று விளக்கிவிட்டு, "நல்ல வேளை, சேருக்குக் கோவம் வந்திச்சு," என்றார் பொறியியலாளர். அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின், அதே முற்றத்தில் நின்று, படகு போகாது என்றும் ஏன் போகாது என்றும் அறிவித்தேன். என்மேல் எவருக்கும் மதிப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை, கைகொடுத்தவர்களே அதிகம். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் போனோம். ஏறும்போது வியாபாரி வழிவிட்டு நின்று, "சேர் முதல்ல ஏறி இருங்க, பஸ் நல்லமா எண்டு பாப்பம்," என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

ஒரு விடை எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டால், அதற்குமேல் தேடுவதை நாம் எவ்வளவு எளிதாக நிறுத்திவிடுகிறோம் என்பதை அன்று கண்டேன். இப்போதெல்லாம் சபையில் சிரிப்பு எழும்போது நானும் கூடிச் சிரிக்கிறேன், ஆனால் சிரித்து முடிந்தபின் இன்னொரு முறை கேட்கிறேன்.