குவாக்கு டொங்கோரின் பேர்

குவாக்கு டொங்கோர் ஆம்ஸ்டர்டாமில் பஸ் ஓட்டுகிறவர். சிடுமூஞ்சியோடு ஏறியவர்களையும் சிரிக்க வைத்துத்தான் இறக்கிவிடுவார். பேரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. டொங்கோர் என்றால் எங்கள் அகான் மொழியில் விலைக்கு வாங்கிய அடிமை. ஒருவருடைய பூர்வீகத்தைக் கிளறுவது எங்களிடம் பெரிய குற்றம். அதனால் யாரும் முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். கானாவை விட்டு வந்தும் அந்தப் பழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம்.

அவர் மகள் செர்வாவைப் பெண் கேட்டு, போட்டெங் குடும்பம் எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்குக் கொடுக்கும் ஜின் பாட்டில்களோடு வந்து கதவைத் தட்டியது. பெண் வீட்டுக்காகப் பேச என்னை உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை அமோவா பாட்டில்களை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

"பொண்ணு தங்கம். பேருதான் இடிக்குது. பொண்ணோட அப்பா யாருன்னு ஊர்ல, குமாசியில கேட்டா, இந்தப் பேர நாங்க எப்படிச் சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சம்பந்தியம்மா, பொண்ணு கேக்க வந்தீங்களா, பூர்வீகம் தோண்ட வந்தீங்களா? மண்வெட்டியும் கொண்டாந்திருக்கீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது.

"ஏதாவது சொல்லுங்கப்பா," என்றாள் செர்வா. "நீங்க பேசாம இருந்தா அவங்க நினைக்கறதுதான் நிஜம்னு ஆயிடும்."

குவாக்கு அண்ணன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"எனக்கு முன்னால பொறந்தது எதுவும் தங்கல. நான் பொறந்ததும் அம்மா என்னைக் குப்பைமேட்டுல கொண்டுபோய்ப் போட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி கண்டெடுத்த மாதிரி தூக்கிட்டு வந்து, 'அடிமைப் பய ஒருத்தன் இருக்கான், வாங்கிக்கிறியா'ன்னு அம்மாகிட்டயே வித்தா. அடிமையச் சாவு சீண்டாதில்ல. இத வெளிய சொன்னா சாவோட காதுல விழுந்துடும்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. எனக்கு இன்னும் பயந்தான். வந்தா வரட்டும், எம்பொண்ணு நல்லாயிருக்கணும்."

அறுபதை நெருங்கிய மனுஷன், சாவுக்குக் கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்திப் பேசினார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் ஊர்ப்பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அமோவா பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எனக்கு முன்னால ரெண்டு அண்ணனுங்க பொறந்தாங்க," என்றாள். "எங்கம்மா ரெண்டு பேருக்கும் ராஜா பேராப் பாத்து வச்சாங்க. ரெண்டும் தங்கல."