வளைவில் இரண்டு வெள்ளைக் கோடுகள்

“படிச்சுட்டா ரோடு உன் பேச்சைக் கேக்குமாம்மா?” என்று கேட்டார் ஓவர்சியர். போர்டு ஆபீஸ் வராந்தாவில், ஊர்ப் பெரியவர்கள் நான்கைந்து பேர் முன்னால், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார். ஒருவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான். வேலூரில் விடுதியில் தங்கிப் படித்து, பயிற்சியும் முடித்து, சொந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக வந்தவள். ரோடு என் பேச்சைக் கேட்காது என்று எனக்குத் தெரியும். மனிதர்கள் கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. மதராஸிலிருந்து பெங்களூர் போகும் ரோடு ஊருக்குள் ஒரு பெரிய வளைவாக வளைகிறது. வளைவின் ஒரு பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரி. எதிர்ப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தின் நீளமான மதில். ரோட்டுக்குத் தார் போட்ட கையோடு, வளைவின் நடுவே வெள்ளைக் கோடு வேண்டும் என்று போர்டில் உத்தரவு ஆயிற்று. மாட்டு வண்டியும் பஸ்ஸும் அவரவர் பக்கத்திலேயே போக வேண்டும் என்பதற்காக. அந்தக் கோட்டைப் போடுவதும் மங்காமல் பார்த்துக்கொள்வதும் என் நைனாவின் வேலை.

சுண்ணாம்பை நீற்றி, தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ரப் பசையைக் கரைத்து ஊற்றி, துணியில் வடிகட்டி, நார் மட்டையால் அடிப்பார். வஜ்ரம் சேராத சுண்ணாம்பு தாரில் நிற்காது. சேர்த்தாலும் ரொம்ப நாள் தாங்காது. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை அரைத்துவிடும், இல்லையென்றால் வெயிலில் தார் இளகி மேலே வந்து விழுங்கிவிடும். அதனால் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பார். அடித்து முடித்ததும் ஓரமாக நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

“உன் எழுத்தை உன் கிளாஸ் புள்ளைங்கதான் பாக்குது பாப்பா. என் எழுத்தை பெங்களூர் போற துரையெல்லாம் பாக்குறான்” என்பார். எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனாலும் வகுப்புக்குப் போகும்போது அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போவேன்.

கோடு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது ஓவர்சியரின் பொறுப்பு. உச்சி வெயிலில் சைக்கிளில் வருவார். கோட்டின் மேல் நின்று செருப்பால் ஒரு தேய் தேய்ப்பார். செருப்பில் வெள்ளை ஒட்டினால் கலவை சரியில்லை, ஒட்டாவிட்டால் சரி. அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

கோடை வந்தால் டேனரிக் கிணறு வற்றிப்போகும். சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் கழன்ற தோல்களை அலசுவதற்கு, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி அங்கே கொண்டுபோவார்கள். வெயிலில் வெளியே எடுத்தால் தோல் கெட்டுவிடும் என்று பொழுது சாய்ந்த பிறகுதான் எடுப்பார்கள். இரண்டு பேர் ஒரு கழியைத் தோளில் தாங்க, ஈரத் தோல்கள் மடிந்து தொங்கும். ஆறு என்னவோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான், டேனரிக்கு நேர் எதிரில். ஆனால் மதில் குறுக்கே நிற்கிறது. அதனால் டேனரிக் கதவிலிருந்து சாய்வாக ரோட்டுக்கு இறங்கி, வளைவோடு நடந்து, மதில் முடியும் இடத்தில் பிரிகிற சந்து வழியாக ஆற்றுக்குப் போவார்கள். வழியெல்லாம் தோலிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். பிறந்ததிலிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்த காட்சி அது. யாரும் அதை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்ததில்லை.

போன கோடையில் ஒரு சாயங்காலம், வாணியம்பாடிப் பக்கமிருந்து வந்த பஸ் வளைவில் திரும்பாமல் நேராகப் போய் டேனரிக் கதவுத் தூணில் மோதியது. கழியின் முன் முனையைத் தாங்கிக்கொண்டு கதவைத் தாண்டி வந்தவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். தூணுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

“கோட்டைப் பிடிச்சுக்கினுதான் வந்தேன், கோட்டை வுட்டு நான் இறங்கவே இல்ல” என்று அந்த டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் மத்தியானம் ஓவர்சியர் வந்தார். வழக்கம்போலச் செருப்பால் தேய்த்தார். பஸ் சறுக்கிய இடத்தில் கோடு கிழிந்துபோயிருந்தது. கோடு மங்கியிருந்ததால் விபத்து என்று போர்டுக்கு எழுதிவிட்டார். அந்த வாரம்தான் நைனா புதிதாக அடித்திருந்தார். போர்டு கூடி முடிவு செய்யும்வரை மட்டையைத் தொடக்கூடாது என்று அவரை நிறுத்திவைத்தார்கள்.

வேலை போவதைக்கூட நைனா தாங்கியிருப்பார். செத்துப்போனவரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். காரியம் முடிந்த அன்று அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“நீ போட்ட கோட்டுலதான என் வூட்டுக்காரரு போனாரு? வெளிய வந்து சொல்லு. உன் கையால இழுத்த கோடுதான அது?”

நைனா வெளியே போகவில்லை. அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவள் போன பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“கோணலா இழுத்துட்டேனா பாப்பா?”

“இல்ல நைனா.”

“நீ எழுதிக் குடுத்தா கேப்பாங்களா?”

“கேப்பாங்க” என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

விபத்து நடந்தது பொழுது சாயும் நேரத்தில். எல்லோரும் கோட்டைப் பார்த்ததோ மத்தியான வெயிலில், நின்றுகொண்டு. ஓடுகிற பஸ்ஸிலிருந்து அது எப்படித் தெரியும் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடிக்குப் போய், அதே தடத்தில் ஓடும் இன்னொரு பஸ்ஸின் டிரைவரிடம், திரும்பும்போது உங்கள் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்றேன். அவர் வயதான முஸ்லிம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“டீச்சரம்மா, அங்க இஞ்சின் சூடு ஜாஸ்தி. லேடீஸ் யாரும் குந்த மாட்டாங்க.”

“பரவால்ல பாய்.”

“உங்களுக்குப் பரவால்ல. நாளைக்கு ஊரு என்னை இன்னா சொல்லும்?” என்று சிரித்துவிட்டு, நைனா யார் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு இடம் விட்டார்.

எங்கள் ஊர் வரும்போது இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு வெளிச்சம் மாட்டு வண்டிகள் கிளப்பிய புழுதியில் கரைந்து மஞ்சளாகக் கிடந்தது. ஆற்றுக்குப் பிரியும் சந்து தாண்டியதும் வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. ஒன்றல்ல, இரண்டு. நைனாவின் கோடு மங்கலாக இல்லை. நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு கோடு, சற்றுமுன் போன தோல்களிலிருந்து சொட்டியது, ஈரத்தில் விளக்கொளி பட்டுப் பளபளவென்று மின்னியது. கொஞ்ச தூரம் இரண்டும் சேர்ந்தே ஓடின. பிறகு நைனாவின் கோடு வளைவோடு வளைந்து போனது. மற்றது வளையாமல் நேராக டேனரிக் கதவுக்குப் போனது.

“பாத்தீங்களா?” என்றார் பாய். “நமக்கு இந்த வளைவு மனப்பாடம். அந்தப் பையன் தடத்துக்குப் புதுசு. அவன் கண்ணுக்கு எது வெளுப்பா இருந்திச்சோ அதைப் பிடிச்சுக்கினு போய்ட்டான்.”

அன்று இரவு எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. உண்மை கையில் கிடைத்துவிட்டது, இனி எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

எழுதினேன். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. போர்டு கூடிய அன்று நானே எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் வராந்தாவில் ஓவர்சியர், படித்துவிட்டால் ரோடு என் பேச்சைக் கேட்குமா என்று கேட்டார். டேனரி முதலாளியும் போர்டில் ஒரு மெம்பர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை உட்காரச் சொன்னார். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“நீ சொல்றது சரியாத்தாம்மா இருக்கும்” என்றார். “நான் இன்னா செய்யட்டும், சொல்லு. கிணத்துல தண்ணி இல்ல. ஆத்தைத் தூக்கியாந்து உள்ள வைக்க முடியுமா? தோலு சொட்டத்தான் சொட்டும். சொட்டாத தோலு ஏது? நிறுத்தினா இந்த ஊர்ல எத்தினி அடுப்பு எரியும்?”

என் அண்ணன் வேலை பார்ப்பது அவர் டேனரியில். நைனா கோட்டில் கலக்கும் வஜ்ரமும் அங்கிருந்து வருவதுதான்.

“அப்ப நடுக்கோட்டை மட்டும் வேற மாதிரி போடலாங்க” என்றேன். “வெள்ளைக்கு நடுநடுவுல செங்காவி அடிச்சா, சொட்டு எது கோடு எதுன்னு தெரியும்.”

ஓவர்சியர் தொடையைத் தட்டினார். “காவியும் வெள்ளையுமா பட்டை அடிக்கிறதா? கோயில் மதிலுன்னு நெனச்சு வெள்ளிக்கிழமை ரோட்டு நடுவுல தேங்கா ஒடைப்பாங்க. அப்புறம் அதுக்கு ஒரு தகராறு. பேஜாரு புடிச்ச வேலைம்மா அது.”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை முதலாளியும் லேசாகச் சிரித்தார். கோடு மங்கியிருந்தது என்ற ஓவர்சியரின் எழுத்தே நின்றது. நைனாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் போர்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அவகிட்ட சொன்னியா? ரெண்டு கோடு இருந்திச்சின்னு?”

சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். “உங்கப்பன் கோடு தப்பில்லன்னா, என் வூட்டுக்காரரு தூக்கினு போன தோலு சொட்டினது தப்பா? அவரு சொட்டுலயே அவரு செத்தாருன்றியா?” என்றாள். நான் என்ன சொல்ல வந்தேனோ அது அவள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவளும் டேனரியில் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் தாங்கிய அதே கழியின் முனையை அவள் தாங்கினாள்.

இந்தக் கோடை வந்தது. கிணறு வற்றியது. தோல்கள் மறுபடி ரோட்டில் இறங்கின. ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால், வளைவின் நடுவில் யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நைனா. ஒரு வாளித் தண்ணீரும் கோணிச் சாக்கும் வைத்துக்கொண்டு, தோல்கள் சொட்டிப்போன கோட்டைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஜோடி கடந்து போனதும் துடைப்பார். அடுத்த ஜோடி வந்து மறுபடி சொட்டும். மறுபடி துடைப்பார். தோல் தூக்குகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். “இன்னா பெருசு, ரோட்டைக் கழுவி இட்லி ஊத்தப் போறியா?” என்று ஒருவன் கேட்டான். நைனா நிமிரவே இல்லை.

தடுத்துப் பார்த்தேன். அம்மா அழுது பார்த்தாள். வாளியை ஒளித்து வைத்தோம். வேட்டியை நனைத்துக்கொண்டு போய்த் துடைத்தார். போன வாரம் ஒரு பஸ் அவர் மேல்துண்டை இழுத்துக்கொண்டு போனது. டிரைவர் அந்தப் பாய்தான். இறங்கி ஓடிவந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: “உங்க அப்பாரை வூட்ல வைங்கம்மா! என் கையில ஒரு உசுரு போவணுமா?”

வீட்டில் வைக்க முடியாது. தோல் அந்த வழியில் சொட்டுகிற வரைக்கும் அவர் அந்த இடத்தில்தான் இருப்பார்.

எங்கள் பள்ளிக்கூட மதிலில் டேனரிக்கு நேர் எதிரே ஒரு கதவு உண்டு. பின்பக்கம் ஆற்றுக்கு இறங்க இன்னொரு கதவு. இரண்டும் நான் சேர்வதற்கு முன்பே சங்கிலி போட்டுப் பூட்டியவை. தோல்கள் அந்த வழியே போனால் ரோட்டைக் குறுக்கே நேராகக் கடந்துவிடும். குறுக்கே விழுந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு எந்த பஸ்ஸும் போகாது. பள்ளிக்கூடத்து மேனேஜரிடம் கேட்டேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான், சாயங்காலம் மட்டும்தான் என்று கெஞ்சினேன்.

“அந்த நாத்தம் உள்ள வரக்கூடாதுன்னுதான் மதிலே கட்டினோம்” என்றார். “நீயே அந்த நாத்தத்துலேர்ந்து வந்தவதானே? உனக்குத் தெரியாதா?”

தெரியும். வேலூர் விடுதியில் முதல் வருஷம் முழுவதும் என் துணியை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போதும் வகுப்பில் நுழையும்போது என் மேல் எந்த வாசனையும் இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நான் படித்ததில் மிஞ்சியது அது ஒன்றுதானோ என்று சில நாட்களாகத் தோன்றுகிறது.

நான் செய்தது நைனாவின் பெயரைத் திருப்பித் தராது. போர்டு எழுதியதை யாரும் அடித்துத் திருத்தப்போவதில்லை. எனக்கு இந்த வேலை எத்தனை நாள் நிற்கும் என்றும் தெரியாது. காலையில் பள்ளிக்கூடம் திறப்பவள் நான் என்பதால் இரண்டு கதவுகளின் சாவியும் என்னிடம்தான் இருந்தது. நேற்று சாயங்காலம் ரோட்டைத் தாண்டிப் போய், டேனரிக் கதவருகே கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் அதைக் கொடுத்தேன். “ரெண்டு கதவோட சாவிக்கா, ஸ்கூல் வழியாவே ஆத்துக்குப் போயிடலாம்” என்றேன். ரோட்டு நடுவில் வாளியோடு உட்கார்ந்திருந்த நைனாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக எதிர்க் கதவை நோக்கி நடந்தாள்.